சமயமும் அறமும்: சில சொற்போர்கள்



ஆசிரியப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். அந்நெடிய காலத்தில் மாணவர்கள் என்னிடம் கேட்ட வினாக்கள் பல்லாயிரம் இருக்கும். பெரும்பாலானவற்றிற்கு அங்கேயே விடை கூறினேன். சிலவற்றிற்கு, 'நாளை சொல்கிறேன்' என்று தவணை வாங்கிக்கொண்டு, நூலகத்தில் தேடி மறுநாள் கூறினேன். ஒரே ஒரு வினாவிற்கு மட்டும் விடை கூறாததோடு, கேட்ட மாணவனைத் தண்டித்தும் விட்டேன். அந்தக் கடனை இன்று இந்த வானொலி வாயிலாகத் தீர்க்க முயல்கிறேன்.

1986ஆம் ஆண்டு. நான் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிது. ஒன்பதாம் வகுப்பில் நீதிபோதனைப் பாடம். வாய்மையைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, "பொய் சொன்னால் யாரும் பார்க்காவிட்டாலும் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆகவே பொய் சொல்லலாகாது" என்று முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, கடவுள் இல்லை என்று ஒருவன் நினைத்தால், அவன் பொய் சொல்லலாமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சினம் மூண்டது. அவன் குறும்புக்காகக் கேட்கிறான் என்று முடிவு செய்து, அந்தப் பாடவேளை முடியும்வரை அவனை வகுப்பிற்கு வெளியே நிற்கச் செய்தேன். மாணவன் கேட்கும் வினாவே பாடத்தின் உயிர் என்று பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவன்தான் நான். ஏட்டில் கற்றது வகுப்பில் உதவவில்லை.

பின்னர் நான் படிக்கப் படிக்கத்தான், அச்சிறுவன் கேட்ட வினா எத்துணைப் பெரியது என்பதை உணர்ந்தேன். அந்த வினாவை நடுவில் வைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் நாத்திகரும் கிறித்தவரும் பொதுமேடைகளில் பல்லாண்டுகள் வாதாடியிருக்கிறார்கள். அதன் பொருட்டு ஒருவர் சிறை சென்றிருக்கிறார். மற்றொருவர் பாராளுமன்றத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டிருக்கிறார். அச்சொற்போர்களின் கதையையும், அவற்றில் அடங்கிய கருத்துகளையும் உங்களுக்கு எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கடவுளை நம்பாதவனிடம் ஒழுக்கத்தை எதிர்பார்க்க முடியாது என்னும் எண்ணம் மேலைநாட்டில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. சான் லாக் என்னும் ஆங்கில மெய்யியலறிஞர் 1689இல் சமயப் பொறையைப் பற்றி ஒரு கடிதநூல் வெளியிட்டார். மாறுபட்ட சமயத்தாரைத் துன்புறுத்தலாகாது என்று வாதாடிய பெருந்தகை அவர். அவரே, நாத்திகருக்கு மட்டும் அந்தப் பொறையை நீட்டக் கூடாது என்று எழுதினார். வாக்குறுதி, உடன்படிக்கை, ஆணை ஆகியவையே மனித சமுதாயத்தைக் கட்டி நிறுத்தும் கயிறுகள். கடவுளை அஞ்சாதவனை இக்கயிறுகள் கட்டா என்பது அவர் கருத்து. ஆனால் அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1682இல், பியர் பெயில் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்கு நேர்மாறாக எழுதியிருந்தார். மனிதர் தம் கொள்கைப்படி நடப்பதைவிடத் தம் இயல்பின்படியும் பழக்கத்தின்படியுமே நடக்கிறார்கள். ஆகவே நாத்திகர் மட்டுமே வாழும் ஒரு சமுதாயமும் ஒழுங்காக நடைபெறக்கூடும் என்றார் அவர். இவ்விருவர் கருத்துகளும்தாம் பின்னர் மேடையேறிய சொற்போர்களுக்கு விதைகள் எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வாதம் அறிஞரின் ஏடுகளை விட்டுப் பொதுமக்களின் மன்றத்திற்கு வந்தது. 1842இல் சியார்ச்சு சேக்கப் ஓலியோக்கு என்பவர், செல்ட்டனம் நகரில் சொற்பொழிவு முடிந்தபின் கேட்கப்பட்ட ஒரு வினாவிற்குக் கூறிய விடைக்காக, தெய்வநிந்தனைக் குற்றத்தின்பேரில் ஆறு திங்கள் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையால் அவர் வாய் அடங்கிவிடவில்லை. 1851இல் தம் கொள்கைக்கு ஒரு பெயர் சூட்டினார்; இன்று நாம் மதச்சார்பின்மை என்று தமிழில் வழங்கும் 'செக்குலரிசம்' என்னும் சொல் அவர் ஆக்கியதே. 1853இல் புரூவின் கிராண்டு என்னும் கிறித்தவப் போதகரும் அவரும் இலண்டனில் பல இரவுகள் அடுத்தடுத்து வாதாடினர்.

அந்தச் சொற்போர்கள் நடந்த முறையை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். எப்பொருள்மீது வாதாடுவது என்பதை இரு தரப்பாரும் முன்கூட்டியே எழுதி உடன்படுவர். அவைத்தலைவர் ஒருவர் கடிகாரத்துடன் அமர்ந்திருப்பார். இருவரும் மாறி மாறிப் பேச, குறிக்கப்பட்ட நேரம் உண்டு. மணி அடித்தால் நிறுத்த வேண்டும். பேசிய சொற்கள் அனைத்தையும் சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொள்வர்; பின்னர் அவை நூலாக அச்சிடப்பட்டு விற்பனையாகும். பகலெல்லாம் ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைத்த தொழிலாளர் பலர், மாலையில் கட்டணம் கொடுத்து இவற்றைக் கேட்க வந்தனர். எதிர்த்தரப்பார் கூறுவதை இடைமறியாமல் கேட்டே தீரவேண்டும் என்னும் ஒழுங்கை அம்மன்றங்கள் பழக்கின. பட்டிமண்டபம் என்னும் சொல்லை மணிமேகலைக் காலத்திலிருந்தே அறிந்த நமக்கு, இவ்வொழுங்கின் அருமை எளிதில் விளங்கும்.

இம்மேடைகளின் தலைசிறந்த வீரராய் விளங்கியவர் சார்லசு பிராட்லா. 1833இல் இலண்டனில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் இவர் பெரும் பக்தர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாடமும் சொல்லிக்கொடுத்து வந்தார். சமய உறுதிப்பாட்டுச் சடங்கிற்கு ஆயத்தம் செய்யுமாறு அவ்வூர்க் குருவானவர் பணித்தார். சிறுவர் ஊக்கத்தோடு நான்கு நற்செய்தி நூல்களையும், ஆங்கிலத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளையும் ஒப்பிட்டுப் படித்தார். சில இடங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அவருக்குத் தோன்றியது. விளக்கம் வேண்டிக் குருவானவருக்குப் பணிவோடு ஒரு கடிதம் எழுதினார். விளக்கம் வரவில்லை, பாடம் சொல்லிக்கொடுக்கும் பணியிலிருந்து மூன்று திங்கள் விலக்கி வைக்கும் தண்டனையே வந்தது. நாத்திகப் போக்கு உள்ளவன் என்னும் பழியும் சேர்ந்தது. அதுவரை நாத்திகராய் இராதவர், பதின்ம வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, மெல்ல மெல்ல இங்கிலாந்தின் முதன்மையான நாத்திகப் பேச்சாளராய் வளர்ந்தார். இவ்வரலாற்றை நான் முதன்முதல் படித்தபோது, வகுப்பிற்கு வெளியே நிறுத்தப்பட்ட என் மாணவனின் முகம் என் கண்முன் வந்து நின்றது. வினாவிற்குத் தண்டனை விடையாகாது என்பதை எனக்குக் கற்பித்தது அந்தப் பக்கமே.

பிராட்லா 1866இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தை நிறுவினார். ஊர் ஊராகச் சென்று போதகர்களுடன் வாதாடினார். ஆயினும் அவரது மிகப் பெரிய சொற்போர் நடந்த இடம் பாராளுமன்றம். 1880இல் நார்த்தாம்ட்டன் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். உறுப்பினராய் அமர்வதற்குக் கடவுள் பெயரால் ஆணையிட வேண்டும். அதற்குப் பதிலாக மனமார உறுதி கூற ஒப்புமாறு பிராட்லா கேட்டார், அவை மறுத்தது. அங்ஙனமாயின் ஆணையே இடுகிறேன் என்றார். நம்பிக்கையற்றவன் இடும் ஆணை செல்லாது என்று அதனையும் மறுத்தது. உறுதி கூறவும் கூடாது, ஆணையிடவும் கூடாது என்றால் அவர் என்ன செய்வது? வெளியேற மறுத்ததற்காகப் பாராளுமன்ற மணிக்கூண்டிலேயே ஓர் இரவு சிறை வைக்கப்பட்டார். 1881, 1882, 1884 ஆகிய ஆண்டுகளில் நடந்த இடைத்தேர்தல்களில் அதே மக்கள் அவரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். இறுதியில் 1886இல்தான் அவர் தம் இருக்கையில் அமர முடிந்தது. 1888இல் அவர் முயற்சியாலேயே, விரும்புவோர் ஆணைக்குப் பதில் உறுதி கூறலாம் என்னும் சட்டம் நிறைவேறியது.

இவ்வழக்கில் மறக்கத்தகாத செய்தி ஒன்று உண்டு. 1883இல் இதே உரிமையை வழங்குவதற்காக ஒரு மசோதா வந்தபோது, அதற்காக உருக்கமாகப் பேசியவர் பிரதமர் கிளாட்சுடன். அவர் ஆழ்ந்த கிறித்தவ பக்தர்; பிராட்லாவின் கொள்கைகள் அவருக்குச் சற்றும் உடன்பாடல்ல. ஆயினும், பெயருக்கு ஏதோ ஒரு தெய்வத்தைச் சொன்னால் போதும் என்று வைத்திருக்கும் ஆணை சமயத்தையும் காக்காது, நேர்மையையும் காக்காது என்று அவர் கருதினார். மூன்றே வாக்குகளில் மசோதா தோற்றது. கிளாட்சுடனின் புகழ் தோற்கவில்லை. மாற்றான் கொள்கையை மறுத்துக்கொண்டே அவன் உரிமைக்காக வாதாடும் உள்ளம் எத்தகைய உள்ளம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த வரலாற்றிற்கும் நமக்கும் தொடர்பு இல்லாமற் போகவில்லை. பிராட்லாவின் எழுத்துகள் கடல் கடந்து சென்னைக்கு வந்தன. அவற்றால் ஊக்கம் பெற்றோர் இங்கே ஒரு சங்கம் கண்டு, 1882 முதல் 1888 வரை 'தத்துவவிவேசினி' என்னும் தமிழ் இதழை நடத்தினர். பிராட்லாவுடன் தோளோடு தோள் நின்று நாத்திகம் பேசிய அன்னி பெசன்ட்டு அம்மையார், 1889இல் கருத்து மாறிப் பிரம்மஞான சபையில் சேர்ந்து, பின்னர்ச் சென்னை அடையாற்றையே தம் இல்லமாகக் கொண்டார். பிராட்லாவும் 1889இல் பம்பாய்க் காங்கிரசு மாநாட்டிற்கு வந்து சிறப்புப் பெற்றார். இந்தியரின் குரலைப் பாராளுமன்றத்தில் ஒலித்தவர் அவர். இன்று நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். அமைச்சரும் உறுப்பினரும் கடவுள் பெயரால் ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி கூறலாம். மணிக்கூண்டுச் சிறையில் ஒருவர் எந்த உரிமைக்காக ஓர் இரவைக் கழித்தாரோ, அந்த உரிமை இந்நாட்டில் அரசியலமைப்பின் வாசகத்திலேயே இடம் பெற்றிருக்கிறது.

1891 சனவரியில் பிராட்லா காலமானார். இலண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த காந்தியடிகள் அவருடைய இறுதிச் சடங்கிற்குச் சென்றார். கிறித்தவக் குருமார் சிலரும் மரியாதை செலுத்த வந்திருந்தனர். திரும்பும் வழியில் புகைவண்டி நிலையத்தில் தாம் கண்ட காட்சியைக் காந்தியடிகள் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நாத்திகர் ஒருவர் அக்குருமாருள் ஒருவரை வம்புக்கு இழுத்தார். பூமியின் சுற்றளவைச் சொல்லி, அது சரிதானே என்று ஒப்புக்கொள்ளச் செய்து, 'அப்படியாயின் உம்முடைய கடவுளின் அளவு என்ன, அவர் எங்கே இருக்கிறார்?' என்று மடக்கினார். நாம் அறிய வல்லோமாயின், அவர் நம் இருவர் உள்ளத்திலும் இருக்கிறார் என்று குருவானவர் அடங்கிய குரலில் கூறினார். நாத்திகரோ, வென்றுவிட்ட பெருமிதத்தோடு சுற்றியிருந்தோரை நோக்கினார். இதனைக் கண்ட பின் நாத்திகத்தின்மீது தமக்கிருந்த வெறுப்பு மிகுந்தது என்கிறார் அடிகள். வாயை அடக்கிவிட்டவர் உள்ளத்தை வெல்லவில்லை. நான் என் மாணவனின் வாயை அடக்கியதும் இவ்வகை வெற்றிதான்.

ஆனால் காந்தியடிகள் அங்கேயே நின்றுவிடவில்லை. கடவுளே வாய்மை என்று முன்பு கூறிவந்தவர், பின்னர் வாய்மையே கடவுள் என்று மாற்றிக்கொண்டார். 1931இல் சுவிட்சர்லாந்தில் பேசும்போது அதற்குக் காரணமும் காட்டினார்: கடவுளை மறுப்போர் உண்டு, வாய்மையின் தேவையை மறுக்கும் நாத்திகரைத் தாம் காணவில்லை என்றார். அப்போது அவர் நினைவுக்கு வந்த பெயர்களுள் ஒன்று பிராட்லா! பிராட்லாவைத் தாம் நாத்திகர் என்று கருதவே மாட்டேன் என்றும் கூறினார். பிராட்லா உயிரோடிருந்தால் அப்பாராட்டை ஏற்றிருப்பாரா என்பது வேறு. ஒருவரது வாழ்க்கையில் கண்ட நேர்மையை, அவர் கொள்கையைக் காட்டி மறைக்க அடிகள் விரும்பவில்லை என்பதே நாம் கொள்ளத்தக்கது.

இனி இருபதாம் நூற்றாண்டிற்கு வருவோம். மன்றத்தில் நடந்த சொற்போர் இப்போது வானொலிக்கு வருகிறது. 1948 சனவரி 28ஆம் நாள், பி.பி.சி. வானொலியில் இருவர் உரையாடினர். ஒருவர் எழுபத்தைந்து வயதான பெர்ட்ரண்டு இரசல். கணிதத்திலும் மெய்யியலிலும் உலகப் புகழ் பெற்றவர். மற்றவர் நாற்பது வயதான பிரடரிக்கு காப்பிள்சுடன். இயேசு சபைத் துறவி, மெய்யியல் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவர். இவ்வுரையாடலில் கைதட்டல் இல்லை, ஏளனம் இல்லை. முதலில் 'கடவுள்' என்னும் சொல்லுக்கு என்ன பொருள் கொள்வது என்று இருவரும் உடன்பட்டனர். கடவுள் இல்லை என்று நிறுவ முடியும் என்கிறீரா என்று காப்பிள்சுடன் கேட்டார். இல்லை, என் நிலை அறியொணா நிலையே என்று இரசல் விடையிறுத்தார். இவ்வாறு களத்தின் எல்லையை வகுத்துக்கொண்ட பின்னரே வாதம் தொடங்கியது.

அறத்தைப் பற்றிய பகுதி நமக்கு வேண்டியது. நன்று இது, தீது இது என்று நீர் எவ்வாறு பிரித்தறிகிறீர் என்று காப்பிள்சுடன் வினவினார். நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறிவது போலவே என்றார் இரசல். நிறத்தைக் கண்ணால் அறிகிறோம். நன்மை தீமையை எதனால் அறிகிறோம் என்று துறவி தொடர்ந்தார். என் உணர்வால் என்றார் இரசல். அங்கேதான் காப்பிள்சுடன் பிடித்தார். அப்போது உலகப்போர் முடிந்து மூன்றாண்டுகள்கூட ஆகவில்லை. நாசிகளின் பெல்சன் கொலைமுகாமின் தலைவனை எடுத்துக்காட்டாகக் கூறினார். உமக்குத் தீமையாய்த் தோன்றுவது அவனுக்கு நன்மையாய்த் தோன்றியது; உணர்வே அளவுகோல் என்றால், அவன் உணர்வைவிட உம் உணர்வு உயர்ந்தது என்று எப்படிச் சொல்வீர் என்பது அவர் வாதத்தின் கூர்மை. காமாலைக் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாய்த் தோன்றுவது போல, உணர்விலும் பிழை நேர்வது உண்டு என்றார் இரசல். ஒரு செயலின் விளைவுகளையும், அவ்விளைவுகள் நம்மிடம் எழுப்பும் உணர்வையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்றார். கடமையுணர்வோ பெற்றோரும் செவிலியரும் ஊட்டிய பயிற்சியின் பயன் என்று அவர் விளக்கினார். எது கடமை என்பது நாட்டிற்கு நாடு மாறலாம். கடமை என்று ஒன்று நம்மைக் கட்டுவது மாறவில்லையே என்றார் காப்பிள்சுடன். முடிவில் இருவரும் தத்தம் நிலையிலேயே நின்றனர். ஆனால் கேட்டவர்களுக்கு, இருவரும் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்பது தெளிவாயிற்று. நல்ல சொற்போரின் பயன் இதுவே.

ஏழாண்டுகள் கழித்து, அதே பி.பி.சி. வானொலியில் வேறொரு புயல் வீசியது. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசுப் பள்ளிகளில் சமயப் போதனையையும் அன்றாட வழிபாட்டையும் கட்டாயமாக்கியிருந்தது. 1955 சனவரியில், அபர்தீன் பல்கலைக்கழகத்தில் உளவியல் விரிவுரையாளராய் இருந்த மார்கரெட்டு நைட்டு அம்மையார், சமயமின்றி அறத்தைக் கற்பிப்பது பற்றி இரு பேச்சுகள் நிகழ்த்தினார். பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் அவர் கூறியது இது: அறத்தைச் சமயத்தோடு பிரிக்க முடியாதபடி கட்டிவிட்டால், வளர்ந்தபின் ஒருவன் சமய நம்பிக்கையை இழக்கும்போது அறத்தையும் சேர்த்து எறிந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே பிறரிடம் அன்பும் கூட்டுறவும் கொள்ளும் மனித இயல்பின்மீதே அறத்தை நிறுத்துங்கள் என்றார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. செய்தித்தாள்கள் அவரை ஏதோ பெருங்குற்றம் புரிந்தவரைப் போலச் சித்திரித்தன. நாத்திகத் தாக்குதலை வானொலி எப்படி அனுமதிக்கலாம் என்று கேட்டோர் பலர். ஆனால் நிலையத்தார் தளரவில்லை. மூன்றாவது நிகழ்ச்சியில் மார்ட்டன் அம்மையார் என்னும் கிறித்தவப் பெண்மணியை நைட்டு அம்மையாரோடு நேரில் உரையாடச் செய்தனர். கேட்டவர்கள் தாமே எண்ணிப் பார்க்கட்டும் என்று விட்டனர்.

கதையை இவ்வளவில் நிறுத்தி, இச்சொற்போர்கள் அனைத்திலும் உள்ள முடிச்சைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போம். இதில் இரண்டு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமையாலேயே பல மேடைகளில் கூச்சல் மிஞ்சியது.

முதல் வினா: கடவுளை நம்பாதவன் நல்லவனாக வாழ முடியுமா? இதற்கு விடை வாழ்க்கையிலேயே கிடைக்கிறது. நம்பாதவருள் நல்லோரும் உளர். நம்புவோருள் தீயோரும் உளர். இதற்கு மாறாகவும் உளர். கிறித்தவச் சான்றோரும் இதனை மறுப்பதில்லை. வேதச் சட்டத்தை அறியாத பிற இனத்தாரின் உள்ளத்திலும் அச்சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்று பவுல் அடிகள் உரோமையர்க்கு எழுதிய கடிதத்திலேயே கூறியிருக்கிறார். ஆகவே, நாத்திகன் என்றால் ஒழுக்கமற்றவன் என்று மேடையில் முழங்கும் கிறித்தவர் தம் மறைநூலுக்கே மாறாகப் பேசுகிறார். சமயவாதி என்றால் வேடதாரி என்று முழங்கும் நாத்திகரும் கண்கூடான உண்மைக்கு மாறாகவே பேசுகிறார். அடிமை வாணிகத்தை ஒழிக்க இங்கிலாந்தில் பாடுபட்ட வில்பர்போர்சு போன்றோரை இயக்கியது அவர்களுடைய கிறித்தவ நம்பிக்கையே அன்றோ? அவ்வாணிகத்திற்கு மறைநூலிலிருந்தே சான்று காட்டியோரும் இருந்தனர் என்பதும் உண்மையே.

இரண்டாவது வினா ஆழமானது: நன்மை ஏன் நன்மை? அதன் அடித்தளம் யாது? இதனை முதன்முதல் கூர்மையாகக் கேட்டவர் கிரேக்கத்துச் சாக்ரட்டீசு; பிளேட்டோ எழுதிய 'யூதிப்ரோ' என்னும் உரையாடலில் இது வருகிறது. அதனை இக்காலத்து மொழியில் இவ்வாறு கூறலாம்: கடவுள் கட்டளையிடுவதால் ஒரு செயல் நல்லதாகிறதா, அல்லது நல்லதாய் இருப்பதால் கடவுள் அதனைக் கட்டளையிடுகிறாரா? முன்னதை ஏற்றால், கடவுள் கொலை செய்யப் பணித்தால் கொலையும் நன்மையாகிவிடும். பின்னதை ஏற்றால், நன்மை என்பது கட்டளைக்கு முன்பே நிற்கிறது. அதற்குக் கட்டளை வேண்டியதில்லை. நாத்திகர் கையில் இது வலிய படைக்கலம்.

கிறித்தவ அறிஞரின் விடையும் வலிமையற்றதன்று. நன்மை கடவுளுக்கு வெளியே இருக்கும் ஒரு சட்டமும் அன்று. அவர் விருப்பப்படி மாறும் கட்டளையும் அன்று. அது கடவுளின் இயல்பே. சுடுவது தீயின் இயல்பாய் இருப்பதுபோல, நன்மை அவர் இயல்பு. அவ்வியல்புக்கு மாறாக அவர் கட்டளையிட மாட்டார் என்பர். இவ்வாறு கூறிவிட்டு அவர்களும் ஒரு வினாவைத் திருப்பிக் கேட்பர்: உலகம் வெறும் பொருள்களின் கூட்டம் என்றால், 'இப்படி இருக்கிறது' என்பதிலிருந்து 'இப்படிச் செய்ய வேண்டும்' என்பது எப்படிப் பிறக்கும்? யாரும் காணாத இடத்தில், எனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும், நான் ஏன் வாய்மையைக் காக்க வேண்டும்? நாத்திகர் இதற்கு, மனிதர் ஒருவரோடொருவர் கூடி வாழ்வதையும், பிறர் துன்பம் கண்டு இரங்கும் இயல்பையும், தம்மைப் போலவே பிறரையும் எண்ணச் செய்யும் பகுத்தறிவையும் காட்டுவர். இவை போதுமா, போதாவா என்பதுதான் இன்றும் முடிவுறாத வழக்கு.

முடிவுறாத வழக்கென்றால் வாதாடுவதில் பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 2010 நவம்பரில் கனடா நாட்டுத் தொரான்றோ நகரில் ஒரு பெரும் சொற்போர் நடந்தது. உலகிற்குச் சமயம் நன்மை பயக்கும் ஆற்றலா என்பது பொருள். ஆம் என்று வாதாடியவர், முன்னாள் பிரித்தானியப் பிரதமரும் கத்தோலிக்கருமான தோனி பிளேர். இல்லை என்று வாதாடியவர் கிறித்தோபர் இட்சன்சு என்னும் எழுத்தாளர்; அப்போது அவர் கடும் புற்றுநோயால் நலிந்திருந்தார்; அடுத்த ஆண்டு காலமானார். அவையோரிடம் முன்னும் பின்னும் வாக்கெடுத்தனர். தொடக்கத்தில் தீர்மானத்திற்கு உடன்பட்டோர் நூற்றுக்கு 22 பேர், மறுத்தோர் 57 பேர், எஞ்சியோர் முடிவு செய்யாதவர். இறுதியில் உடன்பட்டோர் 32, மறுத்தோர் 68. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முடிவு செய்யாதவர் ஏறத்தாழச் சரிபாதியாய் இரு பக்கமும் பிரிந்தனர்! ஒரு மாலைப்பொழுதில் மனித மனம் பெரிதும் மாறுவதில்லை என்பதையே இது காட்டுகிறது.

ஆயினும் நீண்ட காலத்தில் மாறுவது உண்டு. ஆக்சுபோர்டில் சாக்ரட்டீசு கழகம் என்னும் ஒரு மன்றம் இருந்தது. கிறித்தவ எழுத்தாளர் சி.எசு. லூயிசு 1954 வரை அதன் தலைவர். நம்புவோரும் நம்பாதோரும் அங்கே முறைவைத்துக் கட்டுரை படித்து வாதாடினர். அங்கே 1950இல் கடவுட் கூற்றுகளைக் கடுமையாய் ஆராய்ந்து கட்டுரை படித்த இளம் நாத்திகர் அந்தோணி புளூ. அரை நூற்றாண்டிற்கு மேல் அந்நிலையில் நின்ற அவர், 2004இல் தம் எண்பத்தோராம் வயதில், உலகிற்கு ஓர் அறிவுடை முதற்காரணம் உண்டென்று தாம் கருதுவதாக அறிவித்தார்; கிறித்தவர் ஆகவில்லை. ஞாயிற்றுப் பள்ளியிலிருந்து நாத்திகத்திற்குச் சென்ற பிராட்லாவும் உண்டு. நாத்திகத்திலிருந்து எதிர்த்திசையில் சென்ற புளூவும் உண்டு. இருவருக்கும் பொதுவானது, வாதம் எங்கே அழைத்துச் செல்கிறதோ அங்கே செல்லத் துணிந்த நேர்மை.

ஆகவே, மாணவர்களே, இத்தகைய சொற்போர்களைக் கேட்க நேரும்போது மூன்றினை நினைவிற் கொள்ளுங்கள். பேசுவோர் இரண்டு வினாக்களில் எதனைப் பேசுகிறார் என்று முதலில் பாருங்கள். எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்தை மறுக்கிறாரா, நலிந்த வாதத்தைத் தேடிப் பிடித்து மறுக்கிறாரா என்று அடுத்துப் பாருங்கள். கைதட்டல் எழுந்த இடத்தில் சான்றும் இருந்ததா என்று மூன்றாவதாகப் பாருங்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆண்டில், பேருந்து நிலையத்தில் ஒருவர் வந்து வணங்கினார். தலை நரைத்திருந்தது. கடைசி வரிசை மாணவர்தாம் அவர். நலம் விசாரித்தபின், அன்று உன்னை வெளியே நிறுத்தியது என் தவறு என்றேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் ஒன்றுமில்லை ஐயா" என்றார். பேருந்து வந்துவிட்டது. படியில் கால் வைத்தவர் திரும்பி, "ஆனால் ஐயா, நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லையே!" என்றார்.

அவருக்கும், அவர் வயதில் அன்று இருந்ததுபோல் இன்று இருக்கும் உங்களுக்கும் என் விடை இதுதான். பொய் சொல்லலாகாது, தம்பி. கடவுளை நம்பினும் சொல்லலாகாது; நம்பாவிடினும் சொல்லலாகாது. நீ சொல்வதை மெய்யென்று கொண்டு உன் எதிரே ஒருவன் நிற்கிறான். அந்த நம்பிக்கையை உடைக்க உனக்கு உரிமை இல்லை. இவ்வளவில் பிராட்லாவும் கிளாட்சுடனும், இரசலும் காப்பிள்சுடனும் ஒன்றுபடுவர். அந்த உரிமையின்மை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அவர்கள் பிரிவர். கடவுளிடமிருந்தா, மனிதரிடமிருந்தா என்பதை நீ உன் வாழ்நாள் முழுதும் ஆராயலாம்; ஆராயவும் வேண்டும். ஆராய்ச்சி முடியும்வரை வாய்மையைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. அதைப் போலவே, வாய்மை உண்டென்று சொல்லிக்கொண்டு ஆராய்ச்சியைத் தள்ளி வைக்கவும் வேண்டியதில்லை.

அன்று இதனை அறிந்திருந்தால், உன்னை வெளியே அனுப்பியிருக்க மாட்டேன், முன்வரிசைக்கு அழைத்திருப்பேன்.